தமிழை அச்சேற்றிய போர்த்துக்கீசியர்: அண்டிரிக் அடிகளார்

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறை என்னிடம் கேட்டது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு. மாணவர்களுக்குப் பயன்படணும், நம்ம வட்டாரத்துக்கும் ஏதாவது ஒரு ஒட்டு உறவு இருக்கணும், இவ்வளவுதான் நிபந்தனை. காமராஜர், திரு.வி.க., சிங்காரவேலர் எல்லாம் முந்தைய மலர்களில் வந்துவிட்டார்கள். யாரை எழுதலாம் என்று யோசித்தபோது, 400 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்த ஒரு போர்த்துக்கீசியர் நினைவுக்கு வந்தார். தமிழில் அச்சுப் புத்தகம் என்ற ஒன்று பிறக்கக் காரணமாயிருந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அவர். அந்தப் பெயர் நம் வாயில் நுழையாது என்பதால் தமிழறிஞர்கள் அண்டிரிக் அடிகளார் என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

போர்த்துக்கீசியருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று இளைய தலைமுறை கேட்கலாம். காசிமேட்டில் விடிகாலையில் மீன் ஏலம் போடுகிறார்களே, அந்த ஏலம் போர்த்துக்கீசியச் சொல். எண்ணூர்ப் பக்கம் கட்டட வேலையில் மேஸ்திரி என்கிறோமே, அதுவும் அவர்கள் சொல்தான். துறைமுகத்தில் உருட்டிய பீப்பாய், வீட்டு ஜன்னல், அலமாரி, அதன் சாவி, கோயில் பாதிரியார், எல்லாமே அந்தக் கப்பல்களில் வந்து இறங்கிய வார்த்தைகள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டுவதற்கு முன்பே போர்த்துக்கீசியர் குடியிருந்தார்கள். தெற்கே சாந்தோம் அவர்கள் ஊராகவே இருந்தது. ஆங்கிலேயர் கோட்டை கட்டிய பிறகும் இந்தக் கடற்கரையின் பொதுமொழி போர்த்துக்கீசியம்தான். அதனால்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1698ஆம் ஆண்டுச் சாசனம், இங்கே வரும் பாதிரிமார் ஒரு வருடத்துக்குள் அந்த மொழியைக் கற்க வேண்டும் என்று விதித்தது.

இப்படி அவர்கள் சொற்கள் நம்மிடம் வந்தது ஒரு பக்கம். நம் மொழியை அவர்களில் ஒருவர் எப்படிக் கற்றார், அதனால் என்ன நடந்தது என்பது இன்னொரு பக்கம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பிறப்பால் வந்த தடை

அண்டிரிக் 1520ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். அவர் குடும்பம் யூத மரபில் வந்தது. போர்த்துக்கல் அரசர் 1497இல் தம் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கினார். மதம் மாறினால் போதும், சமமாக நடத்துவார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. அவர்களுக்குப் புதுக்கிறிஸ்தவர் என்று ஒரு பட்டம் சூட்டி, பேரன் பேத்தி காலம் வரை சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். 1536இல் மத விசாரணை மன்றமும் வந்தது. ரத்தம் சுத்தமா என்று பார்த்துத்தான் பதவி, படிப்பு, துறவறம் எல்லாம்!

இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? வேறு பெயரில் நம் ஊரிலும் கண்டதுதான்.

அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய குல மரபு தெரிந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. இளைஞர் மனம் உடைந்துபோகவில்லை. கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் படித்து, 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அங்கும் ரோமாபுரியிலிருந்த தலைமை வரை இவரைப் பற்றிய கேள்வி போய் வந்தது. ஒரு சபையை விட்டு வந்தவர் என்பது ஒரு தடை, யூத மரபு என்பது இன்னொரு தடை. ஆனாலும் அவரைத் தள்ளிவிடவில்லை. 1546இல் கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27 இருக்கும். பிறகு அவர் தாய்நாடு திரும்பவே இல்லை.

முத்துக்குளித்துறை

முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பாறு என்று வரிசையாகப் பரதவர் ஊர்கள். கடலில் மூழ்கி முத்தெடுப்பது அவர்கள் தொழில். முத்து இருக்கும் இடத்தில் போட்டி இல்லாமல் இருக்குமா? அந்த வருமானத்தின் மேல் உள்நாட்டு அரசர்களுக்கும் கண், கடல் வணிகர்களுக்கும் கண். போட்டியும் சண்டையும் முற்றியபோது பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். 1530களின் நடுவில் ஊர் ஊராகக் கிறிஸ்தவம் தழுவினார்கள். பாதுகாப்பு கிடைத்தது; கூடவே புதிய எஜமானரும் வந்து சேர்ந்தார். போர்த்துக்கீசியத் தளபதிகள் செய்த கெடுபிடிகளைப் பற்றி பிரான்சிஸ் சவேரியாரே தம் அரசருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்திருக்கிறார்.

சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அரைகுறையாகத் தெரிந்த சிலரை வைத்துக்கொண்டு முக்கியமான ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துக் கொண்டே தெருவில் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்ற பொருள் தரும் சொல் விழுந்துவிட்டது! 1544இல்தான் அது தெரிந்து, அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடும்படி தம் தோழருக்கு எழுதினார். சொந்தமாக மொழி தெரியாமல் துபாஷியின் வாயை நம்பினால் இதுதான் கதி. சவேரியாருக்கு அது நன்றாகவே புரிந்தது. தமிழை ஒழுங்காகக் கற்று அதற்கு இலக்கணம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று விரும்பினார். அந்த ஆளாக வாய்த்தவர் அண்டிரிக்.

தமிழ் கற்ற விதம்

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. அண்டிரிக்கிடம் அகராதி கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ஒரு ஐரோப்பியர் தமிழ் கற்க உதவும் இலக்கண நூல் அதுவரை உலகில் எங்கும் இல்லை. தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தன, உண்மைதான். ஆனால் சுவடியில் செய்யுளாக இருக்கும் அவற்றை, கடற்கரைக் குடிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அயல்நாட்டார் எப்படி எடுத்துப் படிப்பார்?

அவர் என்ன செய்தார் தெரியுமா? தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தை ஒரு சட்டமாக வைத்துக்கொண்டார். லத்தீனில் வேற்றுமை இருக்கிறதே, தமிழில் அது எப்படி வருகிறது? இறந்த காலம் எப்படி, எதிர்காலம் எப்படி, ஏவல் எப்படி? கேட்டுக் கேட்டுக் குறித்தார். வினைச்சொற்களை இனம் பிரித்து அட்டவணை போட்டார். இப்படி மொழியின் எலும்புக்கூட்டைப் பிடித்ததும் சதை தானாக வந்து ஒட்டியது. சில மாதங்களிலேயே துபாஷி இல்லாமல் பேசத் தொடங்கிவிட்டார். உச்சரிப்புதான் அவரைப் படாத பாடு படுத்தியது. ர, ற, ல, ள, ழ என்று வரிசை கட்டி நின்றால் வெளிநாட்டார் என்ன செய்வார், பாவம்! நம் பிள்ளைகளே தடுமாறுகிறார்கள்.

இன்னொரு காரியமும் செய்தார். தம்மோடு இருந்த பாதிரிமார் தங்களுக்குள் போர்த்துக்கீசியத்தில் பேசக் கூடாது, தமிழில்தான் பேசணும், மறந்து பேசினால் தண்டனை என்று ஓர் ஏற்பாடு. ஆங்கில வழிப் பள்ளியில் தமிழ் பேசியதற்கு அபராதம் கட்டிய தலைமுறை நம்முடையது. அதற்கு நேர் எதிராக, தமிழ் பேசாததற்குத் தண்டனை வைத்த வெளிநாட்டார் ஒருவர் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்!

1549 அளவில் அந்தக் குறிப்புகள் ஒரு நூலாக வடிவெடுத்தன. மலபார் மொழியின் இலக்கணம் என்று அதற்குப் பெயர். அக்காலப் போர்த்துக்கீசியர் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்தார்கள். அந்த நூலின் பெரிய சிறப்பு, அதில் உள்ளது புலவர் தமிழ் இல்லை என்பதுதான். மீனவர் பேசிய பேச்சுத் தமிழ், ரோமன் எழுத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. 470 ஆண்டுகளுக்கு முன்பு நம் கடற்கரை மக்கள் வந்தான், போனான் என்பதை எப்படிச் சொன்னார்கள் என்று ஆராய இன்று மொழியியலாளர்கள் தேடிப் போகும் ஆவணம் அது. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தவர் எழுதி வைத்தார்.

துன்பங்கள்

அதே 1549இல் அவருடைய தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி, இராமேசுவரம் பக்கத்தில் வேதாளை என்ற ஊரில் நாயக்கர் படையினரால் கொல்லப்பட்டார். உடனிருந்தவர்கள் சேர்ந்து அண்டிரிக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிறப்பைக் காரணம் காட்டித் தாய்நாட்டில் ஒரு சபை ஒதுக்கியவர், இங்கே தம் தோழர்களால் தலைவராக்கப்பட்டார்! 1576 வரை அந்தப் பொறுப்பு அவர் தோளில்தான் இருந்தது.

அது பூமாலை என்று நினைக்க வேண்டாம். 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது போர்த்துக்கீசியரோடு அவரும் சிறைப்பட்டு, பிறகு மீட்கப்பட்டார். 1560இல் போர்த்துக்கீசிய ஆளுநர் மன்னார்த் தீவைப் பிடித்தார். நாயக்கரின் நெருக்கடிக்குத் தப்ப, புன்னைக்காயல் மக்களில் பலரை அங்கே குடியேற்றினார்கள். அண்டிரிக்கும் மன்னார் சென்று அவர்களோடு இருந்தார். சில ஆண்டுகளில் திரும்பவும் பழைய கரைக்கே வந்தார்கள். சொந்த மண்ணை விட்டு அகதியாகக் கடல் தாண்டுவதும், பிறகு திரும்பி வருவதும் மன்னார்க் கடலுக்கு அன்றே பழக்கமாகியிருக்கிறது.

இதற்கிடையில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உள்ளூர் ஆட்களையே பழக்கினார். தமிழ் கற்பிக்க ஒரு பள்ளியும் நடத்தினார். உடம்பு அடிக்கடி படுத்தது. ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஈயத்தில் வார்த்த தமிழ்

இனி நான் மிகவும் ஆசையோடு எழுதும் பகுதி. நம் கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில், மாலை நேரங்களில் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தேன். அதனால் கை அச்சுக்கோப்பு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தட்டினால் வந்து விழும் எழுத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்து செதுக்கினால் தீர்ந்தது. தமிழுக்கு? கா, கெ, கை போன்றவற்றுக்குக் காலும் கொம்பும் தனியே வார்த்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. அப்படிப் பதினெட்டு மெய்க்கும் கணக்குப் போடுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் கூடத் தனித்தனி அச்சு. அச்சுக்கோப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அறையறையாகக் கை வைப்பார், சரியான எழுத்து வரும்! இன்றும் அந்த விரல்களை நினைத்தால் எனக்கு வியப்புத்தான்.

இதையெல்லாம் எந்த முன்மாதிரியும் இல்லாமல் முதன்முதலாக ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. கோவாவுக்கு 1556இலேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் ரோமன் எழுத்துத்தான் இருந்தது. தமிழ் மொழி 1554இலேயே லிஸ்பன் நகரில் அச்சேறியிருக்கிறது. அதுவும் ரோமன் எழுத்தில்தான். நம் எழுத்திலேயே நூல் வர வேண்டும் என்றால் எழுத்தை வார்க்க வேண்டும். 1577இல் கோவாவில் ஜான் கொன்சால்வஸ் என்ற ஸ்பானிய நாட்டுச் சகோதரர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். கொல்லர் வேலையும் கடிகார வேலையும் தெரிந்தவர். அந்த எழுத்துகள் போதவில்லை. 1578இல் கொல்லத்தில் ஜான் தெ ஃபாரியா மேலும் அழகாக வார்த்தார். அண்டிரிக் நூலை எழுதிக் கொடுத்தார்.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான அந்த நூல்தான் தம்பிரான் வணக்கம். 16 பக்கங்கள். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. வங்காளத்துக்கும் இந்திக்கும் மராத்திக்கும் கிடைக்காத முதல் இடம் தமிழுக்குக் கிடைத்தது.

அந்தப் பெயரைக் கவனித்தீர்களா? கடவுளைக் குறிக்க லத்தீன் சொல்லையோ போர்த்துக்கீசியச் சொல்லையோ அவர் போடவில்லை. தம்பிரான் என்ற சொல்லை எடுத்தார். நம்ம திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்றுதானே சைவர் போற்றுவார்கள்? மக்கள் நாவில் மரியாதையோடு புழங்கும் சொல் எது என்று தேடிப் பிடித்திருக்கிறார். வேண்டும் என்றும் நம்புகிறேன் என்றும் குழம்பிய காலத்திலிருந்து 34 ஆண்டுகளில் எவ்வளவு தூரம்!

அந்த நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. பிழை என்று நினைக்காதீர்கள். ஓலைச்சுவடியில் அப்போது அப்படித்தான் எழுதினார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்தல் விழும். சுவடியில் கண்டதை அப்படியே ஈயத்தில் வார்த்தார்கள். இந்தக் குழப்பங்களுக்குத் தீர்வு சொல்ல வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வந்தார்.

யார் கொடுத்த பணம்?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தது யார்? போர்த்துக்கல் அரசரின் கஜானா அல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாடோ என்ற போர்த்துக்கீசிய நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சைப் பிடித்துக் கடலடியில் சிப்பி பொறுக்கிய மக்கள், தங்கள் மொழி அச்சில் வரப் பணம் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது என்பதை நினைத்தால் அந்தப் பணத்தின் மதிப்பு இன்னும் கூடும்.

இராயபுரத்துக்காரர்களுக்கு இது புரியும். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பல் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்கும். அலையில் மசூலாப் படகைச் செலுத்தி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். அவர்கள் தங்கள் பொதுப்பணத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியதுதான் இராயப்பர் கோயில். அந்த இராயப்பர் பெயரால்தான் இராயபுரம் என்பார்கள். கடலோரத்து உழைப்பாளி தன் கூலியைப் போட்டு எழுப்பியவை கோயிலாகவும் இருக்கின்றன, புத்தகமாகவும் இருக்கின்றன. வரலாற்றில் மட்டும் அவன் பெயர் கடைசி வரியில்கூட வருவதில்லை.

அடுத்தடுத்த நூல்கள்

ஒரு நூலோடு அண்டிரிக் நிற்கவில்லை. 1579 நவம்பர் 14இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளியானது. ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசும் அமைப்பு. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான கொம்பெசியனாயரு வந்தது. 1586இல் அவருடைய பெரிய நூலான ஃபுளோஸ் சாங்க்தோரும் வந்தது. அடியார்களின் மலர் என்று பொருள் சொல்லலாம். 600 பக்கங்களுக்கு மேல் ஓடும் உரைநடை!

அதன் அருமையைச் சொல்கிறேன். அக்காலத்தில் தமிழில் நூல் என்றால் பெரும்பாலும் செய்யுள்தான். உரைநடை என்பது உரையாசிரியர்கள் பாட்டுக்கு விளக்கம் எழுதிய நடை. கதை சொல்ல, தொடர்ந்து பல நூறு பக்கம் வெறும் உரைநடையில் ஓடிய நூல் அபூர்வம். அதிலும் கடற்கரைப் பேச்சு வழக்கு கலந்த நடை. இலக்கண சுத்தம் தேடினால் தட்டுப்படும் இடங்கள் உண்டு. ஆனால் படிக்கக் கேட்கும் பரதவக் கிழவிக்குப் புரிய வேண்டும் என்று எழுதியது அது. புலவர் சபைக்கு எழுதவில்லை. இன்று நாம் எழுதும் கட்டுரை, சிறுகதை, பத்திரிகைச் செய்தி எல்லாம் உரைநடைதானே? அந்தப் பாதையின் ஆரம்பத்தில் இந்தப் புத்தகம் நிற்கிறது.

மறைவும் மறதியும்

அண்டிரிக் 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். வயது 80. அதில் 53 ஆண்டுகள் தமிழ்நாட்டோடு கழிந்தவை. தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள்.

அவரோடு அச்சு வேலையும் சோர்ந்துவிட்டது. 1679இல் அம்பலக்காட்டில் அந்தோம் தெ புரோயென்சாவின் அகராதி வந்தது. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து 1710களில் அச்சகம் வைத்த பின்தான் தமிழ் அச்சு நிலைத்து நடக்க ஆரம்பித்தது. நம் சென்னைக்கு வந்தது 1761இல், வேப்பேரியில். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்தச் சட்டம் இடம் கொடுத்தது 1835இல். அதற்குப் பிறகுதான் நான் புரூப் பார்த்த அச்சகம் போன்றவை தெருவுக்குத் தெரு முளைத்தன.

இதற்குள் அண்டிரிக்கின் நூல்கள் நம் நாட்டில் கண்ணில் படாமல் போயின. கறையானும் ஈரமும் நம் ஊரில் சும்மா விடுமா? தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஃபுளோஸ் சாங்க்தோரும் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனில். 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இவற்றில் சிலவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் அந்தப் பெரிய நூலை அடியார் வரலாறு என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து வெளியிட்டார். இலக்கணம் 1982இல் ஜெர்மனியில் அச்சானது. 2013இல் ஜீன் ஹைன், வி.எஸ்.ராஜம் இருவரும் அதை ஆங்கிலத்தில் விளக்கத்தோடு கொண்டுவந்தார்கள். எழுதி 464 ஆண்டுகள் கழித்து!

1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் சிலைகள் வைத்தார்கள். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவரும் அங்கே நிற்கிறார்கள். தகுதியானவர்கள்தான், சந்தேகமில்லை. அவர்களுக்கெல்லாம் மூத்தவரான அண்டிரிக் அந்த வரிசையில் இல்லை. சிலை இல்லாததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பட்டப்படிப்பு முடித்து வெளியே வரும் நம் பிள்ளைகளில் பலருக்குப் பெயரே தெரியவில்லை என்பதில்தான் வருத்தம்.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

அவர் வந்த நோக்கம் மதம். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வல்லரசின் பீரங்கியும் இருந்தது. அதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பீரங்கியால் தமிழ் கற்க முடியாது. அதற்கு ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார வேண்டும். படித்த மனிதர், படிக்காதவரிடம் போய் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று பணிவாகக் கேட்க வேண்டும். அவர் அப்படிக் கேட்டார். தன் குலத்தைச் சொல்லித் தள்ளப்பட்டவருக்குத்தான் அந்தப் பணிவு சுலபமாக வந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். காசிமேட்டுப் படகிலும், எண்ணூர்த் தொழிற்சாலையிலும், துறைமுகச் சரக்குக் கொட்டகையிலும் உழைக்கிறவர்களின் மக்கள். ஆங்கிலம் வரவில்லையே என்று கூனிக் குறுகுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தம்பி, தங்கைகளே, பாடப்புத்தகமே இல்லாத ஒரு மொழியை, 27 வயதுக்கு மேல், கேட்டுக் கேட்டு அட்டவணை போட்டுக் கற்றார் ஒருவர். உங்களுக்கு அகராதி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், கையில் போன் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எந்த மொழியும் வசப்படும். அதே சமயம், உங்கள் பாட்டி பேசுகிற கடற்கரைத் தமிழைக் கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீன் பெயர், காற்றின் பெயர், வலையின் பெயர் என்று அவரிடம் இருக்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அண்டிரிக் செய்ததும் அதுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த மறுசந்திப்பில் சேரும் நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அடியார் வரலாறு பதிப்பையும் அந்த இலக்கண நூலின் மொழிபெயர்ப்பையும் தேடி வாங்கி நம் கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும். என் பங்காக முதல் நன்கொடையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். 400 குருசாடோ திரட்டிய பரதவர்களை நினைத்து, நம் பழைய மாணவர்கள் மீதியைத் திரட்டித் தருவார்கள் என்று நம்புகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க தமிழ்!